திருப்பிக் கட்டிய பாவாடை

அரசர் அரியணை ஏறிய பதினான்காம் ஆண்டு, ஐந்தாம் மாதம், பதினோராம் நாள், பாம்பு வேளை எனப்படும் முற்பகல் பொழுது பாதி கழிந்திருந்தபோது, தையலறைப் பணிப்பெண் மால்கும், வயது இருபத்திரண்டு, அரசர் மாளிகையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். அவளுடைய நீலப் பாவாடை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. இதை நேரில் கண்டவர்கள் நாற்பத்திரண்டு பேர். அந்தக் கணக்கை எடுத்தவள் நான். அந்தப்புரத்தின் ஒழுங்கைக் கண்காணிக்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது.

எங்கள் அரண்மனையில் அப்படிக் கட்டிய பாவாடைக்கு ஒரே பொருள்தான். பணிப்பெண் ஒருத்தியை அரசர் கூடினால், அவள் பாவாடையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். அவள் எதையும் சொல்வதில்லை. மற்றவர்கள் எதையும் கேட்பதில்லை. காண்பவர்கள் குனிய வேண்டும், அவ்வளவே. அன்றிலிருந்து அவளுக்கு வேலை கிடையாது. தனி அறை உண்டு. ‘சின்னம்மா’ என்ற அழைப்பு உண்டு. பிள்ளை பெற்றால் பட்டமும் உண்டு. அரண்மனையை விட்டு வெளியேறும் வழி மட்டும் அவளுக்கு இல்லை. அரசருக்கு அப்போது மகன் இல்லை. எனவே, எட்டாண்டுகளாகத் திரும்பாத பாவாடை ஒன்று திரும்பியதும் அந்தப்புரம் முழுவதும் புத்தி பேதலித்துப்போனது.

முதலில் குனிந்தவள் தண்ணீர்க்குடம் சுமந்து வந்த பெண். குடத்தோடு குனிந்ததால் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. கிணறுகள் வற்றியிருந்த மாதத்தில் அது பிரம்படிக்குரிய குற்றம், ஒருவரும் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்து அடுத்தவள் குனிந்தாள். சமையற்கட்டுப் பெண்கள் கையில் மாவோடு ஓடிவந்தார்கள். பள்ளியறைத் தலைவி யூன், ஐம்பது வயதுக்காரி, மண்டியிட்டே விட்டாள். விதிப்படி ஒருமுறை குனிந்தால் போதும். அவள் மூன்று முறை குனிந்தாள். முந்தின நாள்தான் தையல் ஓரம் கோணல் என்று சொல்லி இதே மால்குமின் காதைத் திருகியிருந்தாள். இப்போது அந்தப் பெண்ணின் காலணித் தூசியைத் தன் தலைத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மடித்து மார்புக்குள் செருகிக்கொண்டாள்.

“சின்னம்மா, வெயில்ல நிக்காதீங்க. தோல் கறுத்துடும்.”

“நான் அப்பவே சொல்லல? இவங்க முகத்துல ராஜகளை இருக்குன்னு சொன்னேனே!”

“நேத்து குரங்கு மூஞ்சின்னு சொன்னே.”

“அது செல்லமா சொன்னதுடீ.”

மால்கும் முகம் வெளுத்து, பாவாடையை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். நாணம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். நாணத்தை நான் பார்த்திருக்கிறேன். அது நாணம் அன்று.

நான் போய்ச் சேர்வதற்குள் யூன் அவளைக் கிழக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று, பட்டுத் திண்டின்மேல் உட்கார வைத்திருந்தாள். முன்னால் பைன் கொட்டைக் கஞ்சியும் தேன் பலகாரங்களும் எள்ளுருண்டையும் வைத்த சிறு மேசைகள் நான்கு. மால்கும் யாருடைய வற்புறுத்தலுக்கோ ஒரு கரண்டிக் கஞ்சி குடித்திருந்தாள். மிச்சக் கஞ்சிக்குத்தான் அங்கே அடிதடி நடந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஒரு வாய் குடு! எனக்கும் அந்த ராசி ஒட்டட்டும்.”

“உனக்கா? உன் பல்லைப் பார்த்தா ராசி திரும்பி ஓடிடும்.”

ஒருத்தி கரண்டியை நக்கினாள். மற்றொருத்தி அதைப் பிடுங்கித் தானும் நக்கினாள். அவர்கள் அரண்மனையில் வளர்ந்த பெண்கள். உண்ணும் முறையை நானே கற்பித்திருந்தேன்.

“எல்லாரும் வெளியே போங்க” என்றேன்.

யூன் எழவில்லை. “அக்கா, இனிமே இவங்க முன்னால நீங்க இப்படி அதட்டக் கூடாது.”

“நான் உன்னைத்தான் அதட்டினேன், யூன். எந்திரி.”

எல்லோரும் போய்க் கதவைச் சாத்தியதும் மால்கும் திண்டிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, சத்தியமா ஒண்ணும் நடக்கல.”

“நடக்காமத்தான் பாவாடையைத் திருப்பிக் கட்டினியா?”

“வாந்திம்மா” என்றாள். “ராஜா எம்மேல வாந்தி எடுத்துட்டாரு.”

இந்த இடத்தில் நாட்டு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து மழை இல்லை. நாற்று வயலிலேயே கருகியது. வானத்தின் கோபத்தைத் தணிக்க அரசர் தம் உணவில் இறைச்சியை விலக்கிவிட்டதாக அறிவித்தார். நாடெங்கும் மதுவைத் தடை செய்தார். தடைக்குப் பின்னும் சாராயம் காய்ச்சிய ஒருவனின் தலை மேற்கு வாயிலில் பத்து நாள் தொங்கியது. ஈ மொய்த்த அந்தத் தலையை ஊரே பார்த்திருந்தது.

மால்கும் விம்மி விம்மிச் சொன்னதன் சாரம் இது. சீர்செய்த அரைக்கச்சையை ஒப்படைக்கச் சென்றிருக்கிறாள். அரசர் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்வாயில் அதிகாரி சோங் மட்டும் அருகில் இருந்தார். ஆண்மை நீக்கப்பட்ட ஊழியர்களில் அவரே தலைவர்.

“கெண்டியில கஷாயம்னு சோங் ஐயா சொன்னாரு. கஷாயம் அப்படியா மணக்கும்? தட்டுல காட்டுக்கோழி எலும்பு கிடந்துச்சு. ‘இது யார் தையல்?’னு கேட்டு ராஜா என் கையைப் பிடிச்சு இழுத்தாரு. குனிஞ்சேன். அப்படியே என் மடியில எடுத்துட்டாரு. மூணு தடவை, அம்மா. என் முகத்தைக்கூட அவர் பாக்கல. முடிச்சுட்டு என் பாவாடையிலயே வாயைத் தொடச்சுக்கிட்டு, அங்கயே சாஞ்சு தூங்கிட்டாரு.”

“சோங் என்ன சொன்னாரு?”

“‘இந்த வாடை வெளியே போச்சுன்னா உன் நாக்கு போயிடும்’னாரு. முற்றத்தை எப்படித் தாண்டுறது? அந்த ஈரத்தோட?”

“விதி உனக்குத் தெரியாதா?”

“ஏழு வயசுலேருந்து இங்க இருக்கேன்; தெரியாமலா? ஆனா அந்த நேரத்துல வாடை ஒண்ணுதான் ஞாபகம். துணியில கறை பட்டா உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கிறது எங்க கைப்பழக்கம். கை தானா திருப்பிடுச்சு. அந்தக் குடத்துக்காரி குனிஞ்சப்பதான் எனக்குப் புத்தி வந்துச்சு.”

நான் யாருடைய பேச்சையும் பேச்சுக்காக நம்புவதில்லை. பாவாடையைக் கழற்றச் சொல்லி விரித்துப் பார்த்தேன். அரசர் முன் செல்வதற்கென்று உள்துணி வைத்துத் தைத்த பாவாடை அது. புளித்த அரிசி மதுவின் நெடி முகத்தில் அடித்தது. மெல்லாமல் விழுங்கிய கோழித் துணுக்குகள், கீரைத்தண்டின் நார், மஞ்சள் நிறக் கோழை. ஓரிடத்தில் வாயைத் துடைத்த விரல்களின் தடம். மக்கள் மரப்பட்டையை உரித்துக் காய்ச்சிக் குடித்த ஆண்டில் ஓர் அரசரின் வயிற்றில் இருந்தது இது. துணியை மடித்துக் கட்டி என் கைப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்த நெடி என் விரல்களைவிட்டு இரண்டு நாள் போகவில்லை.

மால்கும் என் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, பட்டியல்ல என் பேர் இருக்குல்ல? இருபத்தேழாவது. அதை அடிச்சுடாதீங்க.”

அந்தப் பட்டியல் என்னிடம்தான் இருந்தது. வறட்சி நீடிக்கும் ஆண்டுகளில் அரண்மனைப் பெண்கள் சிலரை விடுவிப்பது வழக்கம். சிறு வயதில் உள்ளே வந்து, கணவனும் பிள்ளையும் அறியாமல் நரைக்கும் பெண்களின் மனக்குமைச்சல் மேலே சென்று மேகத்தை அடைக்கிறது என்று அமைச்சர்கள் எழுதுவார்கள். அதை நம்புகிறார்களா என்று நான் கேட்டதில்லை. அவ்வாண்டு முப்பது பேரை விடுவிக்க ஆணை வந்தது. பதின்மூன்றாம் நாள் நண்பகலில் பட்டியல் முத்திரைக்குப் போக வேண்டும். மாப்போ படகுத்துறையில் மால்குமின் அக்காள் உப்பிட்ட இறால் விற்றுக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பாய் விரிக்க இடம் ஒதுக்கிவிட்டதாகச் செய்தியும் அனுப்பியிருந்தாள். அரசர் தொட்ட பெண்ணை விடுவிக்க முடியாது. தொடவில்லை என்று நிலைநாட்டினால் அவள் போகலாம். எங்களுக்கு இரண்டு நாட்கள் இருந்தன.

“இறால் கடைக்கா இவ்வளவு அழுகை? காலம் முழுக்க நாத்தம்டீ” என்றேன், அவளைத் தேற்றுவதற்காக.

“அது கழுவினா போற நாத்தம், அம்மா” என்றாள்.

அன்று பிற்பகலே சோங்கைப் பார்க்கச் சென்றேன். மருந்துச்சாலைக்குப் பின்னால், நிழலில், கால்களைக் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டு விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு ஊரே ஏங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

“வாங்க ஹான் அம்மா! அந்தப்புரத்துல நல்ல காரியம் நடந்திருக்கு, மூஞ்சிய இப்படி உம்முன்னு வெச்சுக்கலாமா?”

“எது நடந்துச்சு, எது நடக்கலன்னு உங்களுக்குத் தெரியும். பாவாடை தவறாத் திரும்பிடுச்சுன்னு பெரிய ராணியம்மா காதுல ஒரு வார்த்தை போடுங்க. அதுக்கு மேல வேண்டாம்.”

“தவறா ஏன் திரும்புச்சுன்னு கேப்பாங்களே?”

“குழம்பு கொட்டிச்சுன்னு சொல்லுங்க.”

“இறைச்சிக் குழம்பா, கீரைக் குழம்பா?” சோங் சிரித்தார். சதை தொங்கிய அவருடைய தாடை சிரிப்பில் ஆடியது. “அம்மா, நீங்க ஒழுங்கானவங்க. ஆனா உலகம் தெரியல. ராஜா தூங்கி எழுந்ததும் நானே கேட்டேன். ‘மகாராஜா, இன்னைக்குத் தையலறைப் பொண்ணு ஒருத்தி பாவாடையைத் திருப்பிக் கட்டிக்கிட்டுப் போனா’ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. ‘அப்படியா? இருக்கும், இருக்கும்’னாரு. மீசையைத் தடவிக்கிட்டாரு. சந்தோஷம்! எட்டு வருஷம் கழிச்சு ஆம்பளையாயிட்டோம்னு அவருக்கே ஒரு சந்தோஷம். அதைப் போய்க் கெடுக்கணுமா?”

“அந்தப் பொண்ணு பட்டியல்ல இருக்கா.”

“பட்டியல்ல இடம் காலியானா ஆளா இல்ல? யூன் அம்மாவோட தங்கச்சி மக புன்யோ ரெண்டு வாரமா என் காலைச் சுத்திச் சுத்தி வருது.”

அப்போதுதான் யூன் மூன்று முறை குனிந்த காரணம் எனக்கு விளங்கியது. அவள் மூடத்தனத்தால் குனிந்தாள் என்று எண்ணியிருந்தேன். மூடத்தனமாயிருந்தால் மன்னித்திருப்பேன்.

சோங் காலை நீரிலிருந்து எடுத்து ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். “வாந்தின்னு அவ வெளியே சொன்னா, எந்த வாந்தின்னு கேப்பாங்க. மதுன்னு சொன்னா, அரசரைப் பழிச்ச குற்றம். வேணும்னே பாவாடையைத் திருப்பினான்னா, அரசர் அருளைத் திருடின குற்றம். ரெண்டுக்கும் தலை போகும். சின்னம்மாவா இருந்தா கஞ்சி கிடைக்கும். நீங்களே சொல்லுங்க, எது உசத்தி?”

பன்னிரண்டாம் நாள் காலையில் அரசரின் தாயார், பெரிய ராணியம்மா, எங்களை அழைத்தார்கள். அந்தப்புர வழக்குகளில் அவர்கள் சொல்லே முடிவு. மால்கும், யூன், சோங், நான் ஆகிய நால்வரும் அவர்கள் முன் மண்டியிட்டோம். மால்குமுக்கு அதற்குள் மூத்த பெண்களைப் போலக் கொண்டை போட்டு, கடன்வாங்கிய பச்சைச் சட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். சட்டை தோளில் நிற்கவில்லை.

“நீ ஏதோ மறுக்கிறியாமே, பொண்ணே?” என்றார்கள் பெரிய ராணியம்மா. குரல் கனிவாகத்தான் இருந்தது.

மால்கும் நெற்றியைத் தரையில் வைத்தாள். “மகாராஜா என்னைத் தொடல, பெரிய ராணியம்மா. மருத்துவச்சியைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. நான் உள்ளே வந்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன்.”

அவள் கேட்டது நியாயமான சோதனை. ஒரு நாழிகைக்குள் முடிந்திருக்கும். மருத்துவச்சி கதவுக்கு வெளியே தயாராக நின்றிருந்தாள், நானே வரவழைத்திருந்தேன்.

பெரிய ராணியம்மா யூனைப் பார்த்தார்கள். யூன் பதறிப்போனாள்.

“அபசாரம்! ராஜா கை பட்ட உடம்புல இன்னொரு கை படலாமா?”

“பட்டுச்சா இல்லையான்னுதான் பாக்கப் போறோம்” என்றேன்.

“பட்டிருந்தா அபசாரம்தானே, அக்கா?”

“படலன்னா?”

“படலன்னு பாக்காம எப்படித் தெரியும்? பாக்கறதுதான் அபசாரமாச்சே!”

பெரிய ராணியம்மா தலையசைத்தார்கள். “யூன் சொல்றது சரிதான். மருத்துவச்சி போகட்டும்.”

ஐம்பதாண்டுகளாக விதிகளை மதித்து வாழ்ந்தவள் நான். விதியை இப்படி வாலும் தலையுமாகச் சேர்த்துக் கட்டி ஒரு பெண்ணின் கழுத்தில் மாட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் கைப்பெட்டியைத் திறந்து, மூட்டையை எடுத்து, பெரிய ராணியம்மாவின் முன்னால் விரித்தேன். ஒரு பகலும் இரவும் பூட்டிய பெட்டிக்குள், ஐந்தாம் மாத வெக்கையில் கிடந்த துணி. அறையில் இருந்த சந்தனப் புகையை அந்த நாற்றம் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. வெளியே நின்ற பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

பெரிய ராணியம்மா விசிறியை மூக்கருகே கொண்டுபோனார்கள்; பிறகு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைவு வந்ததுபோல், விசிறியைத் தாழ்த்தினார்கள்.

“இது என்ன வாடை, சோங்?”

சோங் தவழ்ந்து வந்து, துணியின் மேல் குனிந்து, ஆழமாக முகர்ந்தார். கண்களில் நீர் கோத்தது. “மருந்து வாடை, பெரிய ராணியம்மா. மகாராஜா நாட்டுக்காகக் கவலைப்பட்டு உடம்பு இளைச்சுட்டாரு. அதுக்குக் குடுக்கிற கஷாயம் சிந்தியிருக்கு.”

“யூன்?”

யூன் சோங்கைவிட ஒரு படி மேலே போனாள். துணியை இரு கைகளாலும் ஏந்தி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். அவள் கன்னத்தில் ஒரு நார் ஒட்டியது. “மருந்தேதான், பெரிய ராணியம்மா. ஜின்செங் வேர் வாசனை கமகமன்னு வருது.”

“ஹான், நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்டியே.”

மது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், யார் கெண்டியிலிருந்து, யார் வாயிலிருந்து என்ற கேள்விகள் வரும். சாட்சி சொல்ல வேண்டியவள் மால்கும். முதலில் போவது அவள் நாக்கு. இப்படியெல்லாம் நான் எண்ணியதாகப் பின்னர் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நேரத்தில் மேற்கு வாயிலில் தொங்கிய தலைதான் என் கண்முன் வந்தது.

“நாலு நாளா எனக்கு ஜலதோஷம், பெரிய ராணியம்மா. வாடை தெரியல” என்றேன்.

வெயிலில் ஓடு வெடிக்கும் மாதம். என் மூக்கில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. யாரும் சிரிக்கவில்லை. மால்கும் மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு தானே பேசினாள்.

“வாந்தி, பெரிய ராணியம்மா. அது வாந்தி. மருந்து இல்ல. வேற எதுவும் நான் சொல்லல. வாந்தி பட்டதாலதான் திருப்பிக் கட்டினேன்.”

மது என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவ்வளவு அச்சத்திலும் எவ்வளவு கவனமாகப் பேசுகிறாள் என்று வியந்தேன். யாருடைய வாந்தி என்று கேட்டால்தான் சிக்கல். கேட்க மாட்டார்கள் என்றே அவள் நம்பியிருக்க வேண்டும். அவர்கள் கேட்கவும் இல்லை.

“வாந்தியா?” யூன் கைகளைத் தட்டினாள். “வாந்தியா சின்னம்மா? அடடா! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? பெரிய ராணியம்மா, மசக்கை!”

சோங்கின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

“நேத்து நடந்ததுக்கு நேத்தே மசக்கையா?” என்று சோங்கே முணுமுணுத்துவிட்டார்.

“ராஜ வித்து சாதாரண வித்தா? நம்ம கணக்கு அதுக்கு ஒத்துவருமா?” என்றாள் யூன்.

பெரிய ராணியம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகள் பெற்றவர்கள். மசக்கை எத்தனை நாளில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. அவர்கள் அந்தத் துணியையும், யூனின் கன்னத்தில் ஒட்டியிருந்த நாரையும், மால்குமின் வெளிறிய முகத்தையும் வரிசையாகப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பார்த்தார்கள் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். பிறகு அவர்கள் முகத்தில் ஒரு புன்னகை பரவியது.

“முன்னோர்கள் புண்ணியம்” என்றார்கள். “மருந்துச்சாலைக்குச் சொல்லுங்க. கரு தங்கறதுக்குக் கஷாயம் வைக்கட்டும். இந்தத் துணியை எரிச்சுடுங்க.”

“எனக்குக் கரு இல்ல!” என்று மால்கும் கத்தினாள். அந்த அறையில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. “எங்க அக்கா காத்துக்கிட்டு இருக்கா! என்னை விட்டுடுங்க, நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்!”

“முதல் பிள்ளைன்னா இப்படித்தான் மனசு தடுமாறும்” என்றார்கள் பெரிய ராணியம்மா. “படுக்க வையுங்க.”

யூனும் மற்றொருத்தியும் இரு பக்கமும் தாங்கி, முட்டையைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கிச் சென்றார்கள். அவள் கால்கள் தரையில் பாவவில்லை. துணியை எரிக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. ஈரம் காயாததால் அது எளிதில் எரியவில்லை. கோலால் கிளறிக் கிளறி எரித்தேன்.

பதின்மூன்றாம் நாள் நண்பகலுக்கு முன் பட்டியலை நானே திருத்தி எழுதினேன். இருபத்தேழாவது பெயரை நீக்கி, யூனின் தங்கை மகள் புன்யோவின் பெயரைச் சேர்த்தேன். புன்யோவுக்கு வயது பதினெட்டு. அரண்மனைக்கு வந்து மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. பலகாரம் குறைவாகக் கிடைக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு எந்த மனக்குமைச்சலும் இருந்ததில்லை. பதினைந்தாம் நாள் முப்பது பேரும் கிழக்கு வாயில் வழியே வெளியேறினார்கள். ஆறாம் மாதம் மூன்றாம் நாள் மழை பெய்தது. விடுவிக்கப்பட்ட பெண்களின் மனம் குளிர்ந்ததால் வானம் குளிர்ந்தது என்று அமைச்சர்கள் எழுதினார்கள். அரசர் அன்றே மதுத்தடையை நீக்கி, எல்லோரும் அறிய ஒரு கிண்ணம் அருந்தினார். மூன்று மாதங்களுக்குப் பின் முதல் கிண்ணம் என்று அவைப் புலவர்கள் பாடினார்கள்.

மால்கும் கிழக்குப் பக்கத்து அறையில் நாள்தோறும் இருவேளை கஷாயம் குடித்தாள். குடிக்க மறுத்த நாட்களில் மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள். மாதவிலக்குத் துணிகளை யூன் தானே துவைத்து மறைத்தாள். மருந்துச்சாலையின் ஏட்டில் கரு வளர்ந்துகொண்டிருந்தது. ஏழாம் மாதம், தாமரைக் குளக்கரையில் அவளை ஒரு நாள் உலாத்த விட்டிருந்தபோது அரசர் அவ்வழியே வந்தார். அவள் குனிந்து நின்றாள். அரசர் சோங்கிடம், “இது யாரு?” என்று கேட்டார். “சின்னம்மா, மகாராஜா” என்றார் சோங். “ஓ” என்று சொல்லிவிட்டு அரசர் மீன்களுக்குப் பொரி போட்டார்.

வயிறு எழாததை அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எட்டாம் மாதம் இருபதாம் நாள் பெரிய ராணியம்மாவின் முன்னிலையில் மீண்டும் கூடினோம். முடிவு செய்யப்பட்டது இதுதான்: அரசரின் கரு, பெண்ணின் கவனக்குறைவால், கருவுற்ற நான்காம் மாதத்தில் கலைந்தது. அதற்காக மால்குமுக்குப் பட்டம் தரப்படாது. ‘சின்னம்மா’ என்ற அழைப்பு மட்டும் நீடிக்கும். அவள் வடக்கு மதிலோரத்து அறைக்கு மாற்றப்படுவாள். ஒரு வேலைக்காரியும், மாதம் ஆறு படி அரிசியும், குளிர்காலத்துக்குக் கரியும் தரப்படும். அவளுடைய அக்காள் ஆண்டுக்கு ஒருமுறை வாயிலுக்கு வெளியே நின்று நலம் கேட்டுப் போகலாம். உள்ளே வரக் கூடாது. அரசர் இருக்கும்வரை மால்கும் அரண்மனையை விட்டு வெளியேற முடியாது. அவர் காலத்துக்குப் பின் தலையை மழித்துக்கொண்டு, மறைந்த அரசரின் பெண்களுக்கென்று உள்ள மடத்தில் சேர வேண்டும். யூனுக்கு, காட்டிய அக்கறைக்காக, இரண்டு சுருள் பட்டு வழங்கப்பட்டது. ஆணையை நான் எழுதினேன். பெரிய ராணியம்மா முத்திரையிட்டார்கள். மால்கும் அதைக் கேட்டு, விதிப்படி ஒருமுறை குனிந்தாள்.